ஒர்லியின் அடுப்பு

"ஆசைப்படாதேன்னு எழுதியிருக்கே மோரா, ஆசை வந்ததுக்கு அப்புறம்தானே அது ஆசைன்னே தெரியுது. அப்போ அதை எப்படி முன்னாடியே நிறுத்தறது?"

பத்துக் கட்டளைகளில் கடைசியை நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆறு வயது அஷெர் இப்படிக் கேட்டான். எங்கள் யூதப் பள்ளியில் ஆசிரியையை மோரா என்றுதான் கூப்பிடுவார்கள். "நல்ல கேள்வி, அப்பாகிட்டயும் கேட்டுட்டு வா" என்றேன். பதில் தெரியாத ஆசிரியைகள் எல்லாரும் சொல்வது அது. அஷெர் கல்லூரிக்கே போய்விட்டான். கேள்வியை நான் மறந்துபோயிருந்தேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகும்போது, நோய்க்காலத்தில் பள்ளி கணினித் திரையில் திறந்த அந்த ஆகஸ்டு மாதத்தில், அது என்னைத் தேடி வந்தது.

பள்ளிக் கதவுகளைத் திறக்கக்கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. அதனால் முதல் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து மூன்று பேரும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். பதினாறு பேர் என் பிரிவு. பதினேழு பேர் ஒர்லி பெனாயூனின் பிரிவு. நான் இருபத்தாறு வருடங்களாக அங்கே எபிரேய எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒர்லிக்கு அது மூன்றாம் வருடம். முப்பத்தொரு வயது, மூன்று சின்னக் குழந்தைகள். கணவன் மருத்துவமனையில் செவிலியராக இருந்ததால் வீட்டுக்கு நோய் வந்துவிடக்கூடாதென்று கார் நிறுத்தும் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒர்லி துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து, துவைக்கும் இயந்திரத்தின் மேல் கணினியை வைத்து வகுப்பு நடத்தினாள்.

செப்டம்பரில் வரும் எங்கள் புத்தாண்டுக்கு முந்தின மாதம் முழுக்க, காலை ஜெபம் முடிந்ததும் ஆட்டுக் கொம்பு ஊதுவது எங்கள் வழக்கம். தூங்கும் மனசை எழுப்புவதற்கு. முதல் நாள் என் வகுப்புக்கு ஊத என் கணவர் ஷ்ரகா தயாரானார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, ஆனாலும் நல்ல நுரையீரல். மேலே வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை. திரையில் தெரியாத கீழ்ப்பக்கம் அரைக்கால் சட்டை. கொம்பை வாயில் வைத்து ஊதினார். எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. ஆனால் பிள்ளைகள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு ஒருவன் சிரித்தான். உடனே எல்லாரும்.

"மோரா, உங்க வீட்டுக்காரர் மீன் மாதிரி பண்றாரு."

"அவரு கண்ணு வெளிய வந்துடும் போல இருக்கு மோரா."

ஷ்ரகாவின் கன்னம் உப்புவதும் சிவப்பதும் மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தம் போகவில்லை. நான் கையில் கிடைத்த பொத்தானையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தபோது, யாயீர் என்ற பையனின் பெட்டியிலிருந்து கொம்பு முழங்கியது. நீண்ட, சுத்தமான ஓசை. என் பதினாறு பேரும் வாய் மூடிக் கேட்டார்கள்.

அது ஒர்லியின் வகுப்புக் கொம்பு. யாயீரும் நோகாவும் இரட்டையர். இரட்டையரைப் பிரித்துப் போடுவது எங்கள் பள்ளி விதி, அதனால் யாயீர் என்னிடம், நோகா ஒர்லியிடம். வீட்டிலோ இரண்டு பேரும் ஒரே மேசையின் இரண்டு முனையில். அங்கே நடப்பதெல்லாம் யாயீரின் ஒலிவாங்கி வழியாக இங்கே வந்துவிடும்.

அன்று மதியமே ஒர்லி கூப்பிட்டாள். "மோரா தீர்ஸா, உங்க கொம்பு கேக்கலைன்னு நோகா சொன்னா. உங்க மேல தப்பில்ல. அந்த மென்பொருள் அதை நாய் குரைக்கிறாப்பல, மிக்ஸி ஓடறாப்பல ஏதோ இரைச்சல்னு நினைச்சு முழுங்கிடுது. ஒரு இடத்துல மாத்தினா போதும். கணினியைத் திறங்க, நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தாள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. பின்னால் அவளுடைய கடைக்குட்டி அழுதுகொண்டே இருந்தான். "பரவாயில்ல மோரா, அவன் பாட்டுக்கு அழுவான், நீங்க மெதுவா தேடுங்க" என்றாள்.

போனை வைத்ததும் ஷ்ரகா சொன்னார்: "நல்ல பொண்ணு."

"எல்லாம் தெரிஞ்ச பொண்ணு" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொம்பைத் துடைத்து வைத்தார்.

மூன்றாம் நாள் மாலை தலைமையாசிரியை பேர்ல் அடெல்ஸ்டைன் எங்கள் இருவரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டார். நிறைய குடும்பங்கள் பள்ளி திறந்திருக்கும் வேறு மாநிலங்களுக்குப் போகப் பார்க்கின்றன. சில பேர் வீட்டிலேயே படிக்க வைக்கப்போகிறார்கள்.

"அக்டோபர்ல கூடாரப் பண்டிகை முடிஞ்சதும் ரெண்டு பிரிவையும் ஒண்ணாக்கிடப் போறோம்" என்றார் அவர். "ஒருத்தர் வகுப்பை நடத்துவீங்க. இன்னொருத்தர் அரை நாள் வந்து உதவி பண்ணுவீங்க. யார் எதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. நானும் பாக்கறேன், பெற்றோர் என்ன சொல்றாங்கன்னும் கேக்கறேன்."

"எனக்கு எதுன்னாலும் சரி" என்றாள் ஒர்லி.

"எனக்கும்" என்றேன். அது பொய். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால் அது அந்த வகுப்புதான். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இருபத்தாறு வருடங்களில் எத்தனையோ பிள்ளைகள் ஆலெஃப் என்ற முதல் எழுத்தை என் விரலைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அதை விட்டுவிட்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறித்துக்கொண்டிருப்பதா?

அன்றிலிருந்து நான் ஒட்டுக்கேட்க ஆரம்பித்தேன். வகுப்பு நேரத்தில் மற்றப் பிள்ளைகளின் ஒலியை அடைத்துவைப்பேன். யாயீரினுடையதை மட்டும் அடைக்கமாட்டேன். அவன் வழியாக ஒர்லியின் வகுப்பு எனக்குக் கேட்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பாடுவார்கள், ஒரே குரலில் எதையோ எண்ணுவார்கள். என் திரையில் பதினாறு பேரில் நான்கு பேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி பூனையைத் தூக்கிக் காட்டுவாள். "ஆலெஃப் எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் மேசையின் அந்த முனையிலிருந்து வரும் சிரிப்புக்குக் காது கொடுப்பேன். அங்கே என்ன அவ்வளவு வேடிக்கை? நெஞ்சுக்குள் ஏதோ புளித்துப்போன மாதிரி இருக்கும். காலையில் ஜெபப் புத்தகத்தைத் திறந்து கடவுளுக்கு நன்றி சொன்ன அதே வாயில் அந்தப் புளிப்பு நாள் முழுக்க இருந்தது.

நான்காம் நாள் யாயீர் கேட்டான்: "மோரா, எங்களுக்கு ஏன் பிஸ்கட் தரலை?"

"என்ன பிஸ்கட் கண்ணா?"

"நோகாவுக்கு மோரா ஒர்லி பிஸ்கட் குடுத்திருக்காங்க. எழுத்து எழுத்தா. தேன்ல தொட்டு, தினம் ஒண்ணு. அவ எனக்குக் காது மட்டும்தான் குடுத்தா."

"எழுத்துக்கு ஏது காது?"

"இருக்கு மோரா, ஆலெஃபுக்கு மேல ஒண்ணு இருக்கே, அது."

படிப்பு இனிக்கவேண்டும் என்பதற்காக, முதல் எழுத்தின் மேல் தேன் தடவிப் பிள்ளையை நக்கவைப்பது பழைய வழக்கம். வருடா வருடம் என் வகுப்பில் நானே ஒவ்வொரு மேசையாகப் போய்த் தேன் சொட்டுவேன். இந்த வருடம், "வீட்டில் ஒரு சொட்டுத் தேன் கொடுங்கள்" என்று பெற்றோருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஒர்லியோ எபிரேய எழுத்துக்கு ஒன்றாக, ஒரு பிள்ளைக்கு இருபத்திரண்டு என்று எழுத்து வடிவத்தில் பிஸ்கட் சுட்டிருக்கிறாள். தன் மூன்று பிள்ளைகளையும் காரின் பின்னால் கட்டி உட்காரவைத்துக்கொண்டு, பதினேழு வீட்டு வாசலிலும் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அன்றன்று படிக்கும் எழுத்தை அன்றன்று திரையின் முன் எல்லாரும் சேர்ந்து சாப்பிடவேண்டும். சிரிப்பு அதற்குத்தான்.

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. அடுத்த நினைப்பு அவ்வளவு நல்லதாக இல்லை.

வியாழக்கிழமைகளில் பெற்றோரைப் போனில் கூப்பிட்டு விசாரிப்பது என் பழக்கம். இரட்டையரின் அம்மா மிண்டியைக் கூப்பிட்டேன். மிண்டி நல்ல பெண், பயந்த பெண். கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்கள் மார்க்க ஒழுங்குகளுக்குத் திரும்பி வந்தவள். பாலும் இறைச்சியும் கலக்காத சமையலறை, முத்திரை பார்த்து வாங்கும் கோஷர் பொருள், எல்லாம் அவளுக்குப் புதிது. எங்கே தவறிவிடுவோமோ என்று எப்போதும் ஒரு நடுக்கம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

"நோகாவுக்கு பிஸ்கட் வந்திருக்காமே" என்றேன்.

"ஆமா மோரா, எவ்வளவு அழகு தெரியுமா. ஆரஞ்சுப்பூ வாசனை. வீடே மணக்குது."

"ரொம்ப நல்லது. வீட்டுல சுட்டதுதானே?"

"ஆமா, அவங்களே சுட்டதுதான்."

"அவங்க வீட்டு அடுப்பு எப்படின்னு எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து வழக்கமெல்லாம் நம்ம வழக்கத்துலேர்ந்து கொஞ்சம் வேறதானே. நீங்க கேட்டுத்தான் வாங்கியிருப்பீங்க, இல்ல?"

அவ்வளவுதான். ஒர்லியின் பெற்றோர் மொரோக்கோவிலிருந்து இஸ்ரேலில் குடியேறியவர்கள், எங்களைப் போல ஐரோப்பா வழி வந்தவர்கள் இல்லை. அவர்கள் வீட்டு அடுப்பு எங்கள் அடுப்பைவிடச் சுத்தமாகக்கூட இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் என் பேச்சில் ஒரு பொய்கூட இல்லை பாருங்கள். தெரியாது என்றேன், கேட்டேன். இருபத்தாறு வருடம் ஒழுக்கம் கற்பித்த வாய், தப்பே தெரியாதபடி ஒரு தப்பைச் செய்யக் கற்றுவைத்திருந்தது.

"நான் கேக்கலையே மோரா" என்றாள் மிண்டி, சின்னக் குரலில்.

"பரவாயில்ல, பரவாயில்ல. சும்மா கேட்டேன்."

மறுநாள் காலை யாயீரின் ஒலிவாங்கி வழியாக ஒரு குழந்தை அழுவது கேட்டது. யாயீர் திரையைப் பார்த்துச் சொன்னான்: "அம்மா நோகாவோட எழுத்தெல்லாம் குப்பைல போட்டுட்டாங்க மோரா. இன்னிக்கு அவளுக்கு சாப்பிட ஹே இல்ல."

ஹே ஐந்தாவது எழுத்து. நான் முதல்முறையாக யாயீரின் ஒலியை அடைத்தேன்.

மிண்டி யாரையும் குறை சொல்லவில்லை. அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில், "யாருக்காவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வி வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்குவதற்குள் பதினேழு வீட்டுக்கும் போய்விட்டது. கேட்பவர்களெல்லாம் நல்லவர்கள், சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளியிலிருந்து பொதுவாக ஒரு கடிதம் வந்தது. வீட்டில் செய்த பண்டங்களை வகுப்புக்குத் தருவதில்லை என்ற பழைய விதியை நினைவூட்டுகிறோம் என்று. வகுப்பே இல்லாத வருடத்தில் வகுப்பு விதி. ஒர்லியின் பெயர் அதில் இல்லை. இருக்கத் தேவையுமில்லை.

அடுத்த வாரமெல்லாம் மேசையின் அந்த முனையிலிருந்து சிரிப்புக் குறைந்துவிட்டது. ஒர்லி எழுத்துகளைக் காகிதத்தில் வரைந்து காட்டினாள், என்னைப் போலவே. நான் ஒட்டுக்கேட்பதை நிறுத்தவில்லை. கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

புத்தாண்டுக்கு நான்கு நாள் முன்பு தலைமையாசிரியை கூப்பிட்டார். மலைக்காட்டுத் தீயின் சாம்பல் வந்து கார்களின் மேல் படிந்த வாரம் அது. ஜன்னலெல்லாம் சாத்திவைத்திருந்தோம்.

"தீர்ஸா, உண்மையைச் சொல்லணும்னா நான் ஒர்லிக்குத்தான் குடுக்கறதா இருந்தேன். திரை வகுப்பு அவளுக்குக் கை வந்திருக்கு. ஆனா பெற்றோர் மத்தியில ஏதோ ஒரு தயக்கம். படிப்பு பத்தி இல்ல, அந்த பிஸ்கட் விஷயம். இந்த வருஷம் ஒரு குடும்பத்தைக்கூட நான் இழக்க முடியாது. உங்க மேல யாருக்கும் சந்தேகம் வராது. அதனால நீங்களே நடத்துங்க. பண்டிகை முடிஞ்சதும் அறிவிக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நன்றி சொன்னேன். போனை வைத்தேன். என் மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்ற அந்த வாக்கியம் அறைக்குள்ளேயே இருந்தது.

ஷ்ரகாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒரே ஒரு முறை, "அந்தப் பக்கத்து வழக்கம்னா சொன்னே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தாடியைத் தடவினார்.

"ஒர்லியைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்றேன். "மன்னிப்பு நாள் வருது. மனுஷங்களுக்குச் செஞ்ச தப்பை அந்த மனுஷங்க மன்னிச்சாத்தான் கடவுளும் மன்னிப்பார். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நானே சொல்லிக்குடுக்கறேன்."

"அவளுக்கு யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ மதகுருக்கள் எழுதின புத்தகத்துல ரெண்டு கட்சி இருக்கு. ஒருத்தர், போய்ச் சொல்லிக் கேளுங்கறார். இன்னொருத்தர், தெரியாதவகிட்டப் போய்ச் சொன்னா ஆறின புண்ணை நீயே கீறினாப்பல, அது ரெண்டாவது தப்புங்கறார்."

"நீங்க எந்தக் கட்சி?"

"நான் காப்பீட்டுக் கட்சி. நஷ்டம் யாருக்குன்னுதான் முதல்ல பாப்போம்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "சொன்னா உனக்கு பாரம் இறங்கும் தீர்ஸா. அவளுக்கு ஏறும். தினம் காலைல உன் முகத்தைப் பாத்து அவ வேலை செய்யணுமே."

அவர் சொன்னது சரியென்று எனக்குத் தெரிந்தது. சரியென்று தெரிந்ததால் கோபம் வந்தது.

புத்தாண்டு வந்து போனது. ஆலயம் மூடியிருந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு, ஆறடி தள்ளித் தள்ளி நின்று ஜெபித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒர்லி கூப்பிட்டாள். மன்னிப்பு நாளுக்கு முன் ஒருவருக்கொருவர் கூப்பிட்டு, தெரிந்தோ தெரியாமலோ செய்ததை மன்னித்துவிடு என்று கேட்பது எங்கள் வழக்கம்.

"மோரா தீர்ஸா, இந்த வருஷம் உங்க மனசு நோகற மாதிரி நான் ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சுடுங்க."

"நீ ஒண்ணும் பண்ணலை ஒர்லி. நீ என்னை மன்னிச்சுடு."

"மன்னிச்சாச்சு. மூணு தடவை மன்னிச்சாச்சு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த பிஸ்கட் விஷயம் உங்களுக்குத் தெரியுமே. யாரோ என் அடுப்பைப் பத்திக் கேட்டிருக்காங்க. அது எங்க அம்மா செய்யற பிஸ்கட் மோரா. அம்மா இஸ்ரேல்ல, அஷ்தோதுல இருக்காங்க. விமானம் இல்ல, இந்த வருஷம் நான் போய்ப் பாக்கவே முடியலை. அதான் அவங்க கை வாசனையாவது இருக்கட்டும்னு சுட்டேன். அவங்ககிட்ட இதைச் சொல்லவே இல்ல. சொன்னா உயிரையே விட்டுடுவாங்க. அவங்க அடுப்புல ஒரு பழத்தைக்கூட பூச்சி பாக்காம வைக்கமாட்டாங்க."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"யாரா இருக்கும்னு ஒரு வாரம் யோசிச்சேன்" என்றாள். "ஒவ்வொரு அம்மா முகத்தையும் பாத்து, இவங்களா, அவங்களான்னு. அப்புறம் பிள்ளைங்க முகத்தையே பாக்க முடியலை. சரி, யாருன்னு தெரியவே வேண்டாம்னு விட்டுட்டேன். தெரியலைன்னா எல்லாரையும் ஒரே மாதிரி மன்னிச்சுடலாம் இல்லையா. ஆனா உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எல்லாரும் என்கிட்ட அதைப் பத்திக் கேட்டாங்க. ஆறுதல்னு சொல்லிக் குத்தினாங்க. நீங்க மட்டும் ஒரு வார்த்தை பேசலை. அதுக்கு நன்றி மோரா."

நான்தான், ஒர்லி. இரண்டே சொல். நாக்கின் நுனியில் வந்து நின்றன. சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன், பிறகு அவள் என்னை மன்னித்திருப்பாள். அப்படிப்பட்டவள்தான். நான் லேசாகிப்போய் மாலை விளக்கேற்றியிருப்பேன். அவளோ, கூடவே வேலை செய்யும் ஒருத்தியைப் பற்றி அந்த நினைப்போடு ஓய்வுநாளுக்குள் போயிருப்பாள். அந்த இரண்டு சொல்லை விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கியவற்றில் அவ்வளவு கசப்பான எதுவும் இல்லை.

"உன் அம்மாவுக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும்" என்றேன்.

"ஆமென்" என்றாள்.

உடனே மிண்டியைக் கூப்பிட்டேன். ஒர்லியிடம் சொல்லக்கூடாதுதான், ஆனால் என் பேச்சைக் கேட்டவளிடம் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டுமே.

"மிண்டி, அன்னிக்கு ஒர்லியோட அடுப்பைப் பத்தி நான் கேட்டது தப்பு. அவங்க அடுப்பு மேல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. அவங்க வகுப்பு நல்லா நடக்குதுன்னு பொறாமைல கேட்டேன்."

மிண்டி சிரித்துவிட்டாள். "மோரா, நீங்களா? பொறாமையா?"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"மன்னிப்பு நாள் வந்தா எல்லாரும் தங்களைத் தாங்களே திட்டிக்கறாங்க. உங்களை மாதிரி ஆளுங்க செய்யாத தப்பையும் சேத்து எடுத்துக்கறீங்க. உங்க நல்ல மனசு மோரா. இதை நான் எங்க குழுவுல போடட்டுமா? எல்லாரும் தெரிஞ்சுக்கணும், எப்படிப் பணிவா இருக்கணும்னு."

"போடாதீங்க மிண்டி. தயவுசெஞ்சு போடாதீங்க. நீங்க அந்த பிஸ்கட்டை மறுபடி வாங்குவீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

அவள் தயங்கினாள். "பள்ளியே கடிதம் அனுப்பிடுச்சே மோரா. ஏதாவது இருக்கப்போய்த்தானே அனுப்பியிருப்பாங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். சந்தேகத்தை ஒரே வரியில் நம்பினாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பட்டம் சூட்டுகிறாள். என் நல்ல பெயரே எனக்கு எதிரியாக வந்து நின்றது. அந்தப் பெயர் இருக்கும்வரை ஒர்லியின் பெயர் எழுந்து நிற்காது.

ஓய்வுநாள் முழுக்க யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மன்னிப்பு நாள் தொடங்க இன்னும் அரை நாள் இருக்கும்போது, மேசையில் உட்கார்ந்து கையால் ஒரு கடிதம் எழுதினேன். மின்னஞ்சல் என்றால் எங்கேயாவது போய்விடும். நாலு வரியில் முடித்துவிட நினைத்தேன், ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

ஒர்லி பெனாயூனின் சமையலறையைப் பற்றிய கேள்வியைக் கிளப்பியது நான்தான் என்று எழுதினேன். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, பொறாமை மட்டும்தான் இருந்தது. இது பண்டிகைக் காலத்துப் பணிவு இல்லை, நான் சொன்ன சொற்கள் இவை, சொன்ன நாள் இது என்று சொல்லுக்குச் சொல் எழுதினேன். அந்தப் பக்கத்து வழக்கம் என்றதையும் விடவில்லை. வகுப்பை ஒர்லி நடத்தட்டும், நீங்கள் முதலில் நினைத்தபடியே, நான் அரை நாள் உதவிக்கு வருகிறேன் என்று எழுதினேன். பள்ளியின் மதகுருவான ரபி தாமே ஒர்லியின் வீட்டுக்குச் சொல்லியனுப்பி ஒரு தட்டு பிஸ்கட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதைப் பெற்றோருக்குச் சொன்னால் போதும், யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்றும் எழுதினேன். கடைசியில் இரண்டு வேண்டுகோள். ஒர்லிக்கு இது எதுவும் தெரியவேண்டாம், அவளுடைய திறமையைப் பார்த்துத்தான் கொடுத்தோம் என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

ஷ்ரகா மன்னிப்பு நாள் விரதத்துக்கு முந்தின சாப்பாட்டுக்காகக் கறி வைத்த மாவு உருண்டைகளைச் சூப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டே?"

"பள்ளிக்கூடம் வரைக்கும்."

"இன்னிக்கு யார் இருப்பாங்க?"

"யாரும் இருக்கமாட்டாங்க."

அவர் என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். "ஒரு மணிக்குள்ள வந்துடு. சூப் ஆறிடும்" என்றார்.

பள்ளி வாசல் இரும்புக் கதவின் பூட்டில் ரகசிய எண்ணை அழுத்தி உள்ளே போனேன். ஆறு மாதமாகப் பிள்ளைகள் ஓடாத நடைபாதை. என் வகுப்பறையின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மார்ச் மாதத்தில் விட்டுப்போனபடியே குட்டி நாற்காலிகள் மேசைகளின் மேல் கவிழ்ந்திருந்தன. கதவின் கைப்பிடியைத் தொட்டேன், திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் கடிதத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று தோன்றியது. நடந்தேன்.

நடைபாதையின் முடிவில் தலைமையாசிரியையின் அறை பூட்டியிருந்தது. நாளை விரதம் முடிந்து, மறுநாள் அவர் வந்து கதவைத் திறப்பார். முட்டி வலிக்க மண்டியிட்டு, உறையைக் கதவின் கீழ் இடுக்கில் வைத்துத் தள்ளினேன். பாதி போனதும் தரைவிரிப்பில் சிக்கி நின்றது. அந்த நிலையில்கூட அதை வெளியே இழுத்துவிடலாம். கொஞ்சம் தூக்கிப் பிடித்து மறுபடி தள்ளினேன். உள்ளே போய்விட்டது, ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியால் அதையும் உள்ளே தள்ளினேன்.